கோடாரியால் பிளந்த பலகை: வைக்கிங் கப்பல்களை மீண்டும் கட்டுவது பற்றி இரண்டு ஐயங்கள்

கோட்டூர்புரம் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அஜந்தா ஓவியம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கவுண்டின்யா என்னும் பாய்க்கப்பலை இந்தியக் கடற்படை 2025 மே மாதம் கார்வாரில் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. அதன் மாதிரி வடிவத்தை நீரில் சோதித்துப் பார்த்ததில் நம் சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறைக்கும் பங்கு உண்டு. அந்தச் செய்தியைத் தொடர்ந்து, பழங்கால மரக்கலங்களை மீண்டும் கட்டும் வேலை வேறு எங்கெல்லாம் நடக்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கிய நான், டென்மார்க்கில் ரொஸ்கில்டே நகரத்து வைக்கிங் (ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வடஐரோப்பியக் கடலோடிகள்) கப்பல் அருங்காட்சியகத்தைப் பற்றிய செய்திகளிலிருந்து இன்னும் மீளவில்லை.

ரொஸ்கில்டே நகருக்கு வடக்கே, ஸ்குல்டெலேவ் என்னும் ஊரை ஒட்டிய கடற்கழியில், 1070ஆம் ஆண்டை ஒட்டி ஐந்து பழைய கப்பல்களில் கல்லை நிரப்பி மூழ்கடித்து, பகைவரின் கலங்கள் நகரை நெருங்க முடியாதபடி நீர்வழியை அடைத்திருக்கிறார்கள். 1962இல் அந்த இடத்தைச் சுற்றி இரும்புத் தகடுகளால் அணை கட்டி, நீரை இறைத்து, ஐந்தையும் துண்டு துண்டாக வெளியே எடுத்தார்கள். பின்னர் ஒவ்வொரு கப்பலுக்கும் நிகரான புதிய கப்பலைக் கட்டிக் கடலில் ஓட்டியும் பார்த்திருக்கிறார்கள்.

என் முதல் ஐயம் மரத்தைப் பற்றியது. இந்தப் புதிய கப்பல்களைக் கட்டிய தச்சர்கள் ஓக் மரத்தை ஆப்பு அடித்துப் பிளந்து, கோடாரியால் செதுக்கியே பலகை ஆக்குகிறார்கள். 30 மீட்டர் நீளமுள்ள போர்க்கப்பல் ஒன்றை இந்த முறையில் கட்டி முடிக்க, 2000 முதல் 2004 வரை ஆகியிருக்கிறது. மின்ரம்பம் வைத்து அறுத்தால் சில வாரங்களில் முடியக்கூடிய பலகை வேலையைக் கையால்தான் செய்ய வேண்டும் என்பதற்குப் பழமையின் மீதுள்ள பற்றைத் தவிர வேறு காரணம் உண்டா?

இரண்டாவது ஐயம் நம்பகத்தன்மையைப் பற்றியது. நான் குறிப்பிட்ட அந்தப் போர்க்கப்பலின் மூலக் கலத்தில் நான்கில் ஒரு பங்கு மரம் மட்டுமே கிடைத்திருக்கிறது. முக்கால் பங்கு இல்லாத ஒன்றை மீண்டும் கட்டியதாகச் சொல்வது எந்த அளவுக்குச் சரி? நான் வரலாறு படித்தவள். கப்பல் தொழிலோ தச்சுத் தொழிலோ அறியாதவள். அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பெரம்பூர் மரவாடி எழுதியது:

வணக்கம் அம்மா. எங்கள் குடும்பத் தொழில் மரவாடியும் அறுவை ஆலையும் என்பதால், முதல் ஐயத்திற்கு மட்டும் விடை சொல்கிறேன். கப்பலைப் படித்துத்தான் அறிவேன், மரத்தைத் தொட்டு அறிவேன்.

ஒரு தடியை ரம்பத்தில் ஏற்றும்போது, நூல் அடித்த கோட்டில் ரம்பம் நேராகப் போகும். ஆனால் மரத்துக்குள் ஓடும் நார் நேராகப் போகாது. காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்ப மரம் சற்றே முறுக்கிக்கொண்டும் சாய்ந்தும் வளர்ந்திருக்கும். நாரும் கோடும் விலகுகிற இடங்களில் எல்லாம் ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிவிட்டுப் போவதால், பார்வைக்கு வழவழவென்று இருக்கும் அறுத்த பலகையில் ஆயிரக்கணக்கான நார்முனைகள் பக்கவாட்டில் திறந்து கிடக்கும். பலகையை வளைத்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும், நீரும் அந்த வழியாகத்தான் உள்ளே ஏறும். ஆப்பு வைத்துப் பிளக்கும்போதோ பிளவு நாரை வெட்டாமல் நாரின் ஓட்டத்தையே பின்பற்றிப் போகிறது. மூங்கிலைப் பிளந்து தப்பை எடுப்பவரைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. அந்தத் தப்பையை வில்லாக வளைக்கலாம். அதே மூங்கிலை ரம்பத்தால் சாய்வாக அறுத்து எடுத்த சில்லு வளைக்கும்போதே ஒடிந்துவிடும்.

ஓக் மரத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. அதன் நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கி ஆரம் ஆரமாகக் கதிர்கள் ஓடுகின்றன. ஓக் அந்தக் கதிர்களின் தளத்தில் மிக எளிதாகப் பிளக்கும். ஆகவே தடியை முதலில் இரண்டாகவும், பிறகு நான்காகவும், எட்டாகவும், பதினாறாகவும் பிளந்துகொண்டே போகலாம். கிடைக்கும் ஆப்பு வடிவத் துண்டுகளின் மெல்லிய உள்முனையையும் வெளிப்புறத்து வெளிறையும் (பட்டையை ஒட்டிய இளமரத்தையும்) நீக்கிவிட்டுக் கோடாரியால் இருபுறமும் செதுக்கினால் பலகை ஆயத்தம். இப்படி ஆரத்தளத்தில் எடுத்த பலகை காயும்போது அகலத்தில் சுருங்குவது, மற்ற வாக்கில் எடுத்த பலகையின் சுருக்கத்தில் ஏறத்தாழப் பாதிதான். கோணுவதும் குறைவு. ஆகவே இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் கனத்திலேயே போதிய வலு கிடைத்துவிடுகிறது. அறுத்த பலகையில் அந்த வலுவை எட்ட வேண்டுமானால் கனத்தைக் கூட்ட வேண்டும். கனம் கூடினால் கப்பல் எடை கூடும், நீரில் தாழ்ந்து மிதக்கும், பலகை வளையவும் மறுக்கும். நீங்கள் கேட்ட பற்றும் இருக்கலாம், ஆனால் அது இல்லாவிட்டாலும் பிளப்பதற்குக் காரணம் இருக்கிறது.

வைக்கிங் காலத்தவருக்கு ரம்பம் தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். சிறு ரம்பங்கள் அவர்களிடம் இருந்தன. ஆனால் கப்பல் பலகைகளில் காணப்படுபவை கோடாரியின் தடங்கள்தான். மேலும், அவர்கள் ஈர மரத்திலேயே வேலை செய்தார்கள். ஓக் காய்ந்துவிட்டால் இறுகிப்போய்க் கோடாரிக்கு இணங்காது என்பதால், வெட்டிய மரத்தை வேலைக்கு எடுக்கும் வரை நீரில் போட்டு வைப்பதும் உண்டு. மரம் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று முதல் கேள்வியாகவே கேட்கும் என் வாடிக்கையாளர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

பைன் மரத்துக்கு இந்த முறை பொருந்தாது. தடியை நடுவில் ஒரே முறை பிளந்து, பாதிக்கு ஒரு பலகையாக இரண்டே பலகைதான் எடுத்திருக்கிறார்கள். நம் நாட்டு மரங்கள் பலவற்றில் நார் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போவதால் பிளவு நேராக ஓடாது. ஆள் மேலே ஒருவரும் குழிக்குள் ஒருவருமாக நின்று இழுக்கும் பெரிய ரம்பம் இங்கே நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து. அதனால் வடக்கே பிளந்தார்கள், நாமும் பிளக்க வேண்டும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.


ஓய்வுபெற்ற கப்பல் வரைவாளர், அடையாறு, எழுதியது:

மரவாடி நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துவிட்டு இரண்டாவது ஐயத்திற்கு வருகிறேன்.

இன்று நாங்கள் ஒரு கப்பலை வரையும்போது எலும்புக்கூட்டை முதலில் தீர்மானித்துவிட்டு அதன்மேல் தோலைப் போர்த்துகிறோம். வைக்கிங் தச்சர்களுடைய வரிசை இதற்கு நேர்மாறானது. ஏரா என்னும் அடிக்கட்டையைக் கிடத்தி, அதன் இரு முனைகளிலும் அணியக் (முன்முனைக்) கட்டையையும் பின்கட்டையையும் நிறுத்திய பிறகு, பலகைகளைக் கீழிருந்து ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படியுமாறு ஏற்றிக்கொண்டே போவார்கள். படியும் இடத்தில் தார் தோய்த்த கம்பளி நூலை வைத்து, வெளியிலிருந்து இரும்பு ஆணியை அடித்து, உட்புறத்தில் ஒரு சிறு இரும்பு வில்லையை மாட்டி ஆணியின் முனையைத் தட்டி மடக்கிவிடுவார்கள். உடல் ஓரளவு உருவான பின்னரே உள்ளே வங்குகள், அதாவது விலாச்சட்டங்கள், வரும். வங்குகளுக்கு வளைந்தே வளர்ந்த கிளைகளைத் தேடி எடுப்பார்கள். ஆக, கப்பலின் வடிவத்தைத் தாங்கி நிற்பது பலகைதான். பலகை எவ்வளவு வளையும், எங்கே முறுக்கிக்கொள்ளும் என்பதே வடிவத்தைக் கட்டுப்படுத்துவதால், பலகை செய்யும் முறையை மாற்றிவிட்டு அதே கப்பலைக் கட்ட முடியாது.

இந்த உடல் எவ்வளவு இளக்கமானது என்பது 1893இல் தெரியவந்தது. நார்வேயில் 1880இல் அகழ்ந்தெடுத்த கொக்ஸ்டாட் கப்பலைப் பார்த்துக் கட்டிய வைக்கிங் என்னும் பெயருடைய கப்பலை, மாக்னுஸ் ஆண்டர்சன் என்னும் மாலுமி பெர்கன் துறைமுகத்திலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ஓட்டிச் சென்றார். அலைகளின்மேல் செல்லும்போது கப்பலின் மேல்விளிம்பு தன் நேர்கோட்டிலிருந்து ஆறு அங்குலம் வரை முறுக்கிக்கொண்டது என்றும், அப்படியிருந்தும் நீர் கசியவில்லை என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். நல்ல காற்றில் மணிக்கு 11 கடல் மைல் வேகம் வரை கிடைத்தது. எஃகுக் கப்பலில் ஆறு அங்குல முறுக்கம் என்றால் நாங்கள் எல்லோரும் வேலையை இழந்திருப்போம்.

இனி நான்கில் ஒரு பங்கு பற்றி. ஸ்குல்டெலேவ் கலங்களுக்குக் கொடுத்த எண்களில் 4 உண்மையில் 2ஆம் கலத்தின் துண்டு என்று பின்னர் தெரிந்ததால், ஐந்து கலங்களின் வரிசை 1, 2, 3, 5, 6 என்று போகிறது. நீங்கள் குறிப்பிடுவது 2ஆம் எண். அதில் 25 விழுக்காடுதான் எஞ்சியது என்பது சரியே. 3ஆம் எண்ணுள்ள சிறு சரக்குப் படகில் 75 விழுக்காடு எஞ்சியிருந்தது. எடுத்த ஒவ்வொரு துண்டையும் முழு அளவில், ஆணித் துளைகளும் கோடாரித் தடங்களும் உட்பட வரைந்துகொண்டார்கள். அந்த வரைபடங்களைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, அட்டையில் வெட்டி, ஆணித்துளையோடு ஆணித்துளை பொருந்துமாறு இணைத்துப் பார்த்தார்கள். துளைகள் தவறான இடத்தில் பொருந்த மறுக்கும் என்பதால், அட்டை மாதிரி தானாகவே ஒரு வடிவத்துக்கு வந்து நிற்கும். ஒரு பக்கத்தில் இல்லாத பகுதி மறுபக்கத்தில் இருந்தால் அதைக் கொண்டு நிரப்பலாம். இரண்டிலும் இல்லாத இடத்தில் பலகை வரிகளின் போக்கை நீட்டியும், அக்காலத்துப் பிற கலங்களைப் பார்த்தும் முடிவு செய்கிறார்கள். எனவே 25 விழுக்காடு என்பது மரத்தின் அளவின் கணக்கு. வடிவத்தைப் பற்றிய தகவலின் கணக்கு அதைவிடக் கூடுதலாக இருக்கும்; ஆனால் மேற்புற விளிம்புகளும் அணியத்தின் உச்சியும் போன்ற இடங்களில் அது மிகக் குறைவாகவும் இருக்கும்.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டைத்தான் நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன். நார்வேயில் 1904இல் அகழ்ந்தெடுத்த ஊசபெர்க் கப்பல் ஏறத்தாழ 820ஆம் ஆண்டில் கட்டப்பட்டு, 834இல் இரண்டு பெண்களின் உடல்களோடு மண்மேட்டுக்குள் புதைக்கப்பட்டது. அதில் இன்று காணும் மரத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் மூல மரமே. இதைவிட முழுமையான ஆதாரம் வேறென்ன வேண்டும் என்று எண்ணி, காட்சியில் இருந்த கப்பலை அளந்து 1987இல் நேர்ப் படியை (நகலை)க் கட்டினார்கள். அது 1988இல் பாய் விரித்து ஓடிய சோதனையின்போது அணியத்தின் வழியாக நீர் ஏறி மூழ்கிவிட்டது. அரசியருக்கான வெறும் அலங்காரக் கப்பல்தான் இது, கடலுக்கு ஏற்றதன்று என்று சிலர் கருதியதற்கும் இந்த நிகழ்ச்சி துணையாகிவிட்டது.

தவறு வேறிடத்தில் இருந்தது. மேட்டின் கல்லும் களிமண்ணும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அழுத்தியதில் கப்பல் நசுங்கி உடைந்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் துண்டுகளை வளைத்து ஒட்டி மீண்டும் நிறுத்தியவர்கள் வியக்கத்தக்க வேலையைச் செய்தார்கள் என்றாலும், முன்பகுதி உண்மையான வடிவத்தைவிட ஒடுங்கிப்போயிருந்தது. பிற்காலத்தில் கப்பலை லேசர் கருவியால் அளந்து, துண்டுகளைத் தனித்தனியாக ஆராய்ந்து, புதிய மாதிரி செய்து பார்த்தபோது அகலமான, நீரின்மேல் நன்றாக எழக்கூடிய அணியம் வெளிப்பட்டது. அந்த வடிவத்தில், பழைய முறையில், தொன்ஸ்பெர்க் நகரில் கட்டிய சாகா ஊசபெர்க் என்னும் கப்பல் 2012இல் நீரில் இறங்கி நன்றாகவே பாய் ஓடியது. 90 விழுக்காடு இருந்த கப்பலின் படி மூழ்கியது. 25 விழுக்காடு இருந்த கப்பலின் படி அயர்லாந்தின் டப்ளின் வரை போய் வந்தது. எஞ்சிய மரம் எவ்வளவு என்பதைவிட, அதை எப்படிப் படித்தார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.


கோட்டூர்புரம் வாசகி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. வரைவாளர் ஐயா சொன்னதிலிருந்து மேலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. துண்டுகளைப் படிப்பதுதான் அடிப்படை என்றால், துண்டே இல்லாமல் ஓவியத்திலிருந்து உருவான கவுண்டின்யாவை இந்த வரிசையில் எங்கே வைப்பது? நம் கடற்கரையில் ஏன் இப்படிப் பழைய கலங்கள் கிடைப்பதில்லை?


காசிமேடு கரையோரம் எழுதியது:

இதற்கு நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் படகு கட்டியவர்களும் கடலுக்குப் போனவர்களும் இருந்தார்கள்.

கிடைக்காததற்கு முதல் காரணம் நம் கடலின் வெப்பம். மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு வெதுவெதுப்பான உப்புநீரில் செழித்து வளரும். மூழ்கிய மரம் மண்ணில் விரைவாகப் புதையாவிட்டால் சில ஆண்டுகளிலேயே சல்லடையாகிவிடும். உப்புக் குறைந்த பால்டிக் கடலில் இந்தப் புழு பெருகுவதில்லை. நார்வேயின் கப்பல்களையோ களிமண் மூடிக் காப்பாற்றியது. இரண்டாவது காரணம் நம்முடைய வழக்கம். கட்டுமரத்தைக் கட்டு அவிழ்த்துக் கரையில் காயப்போடுவோம். படகைக் கரைக்கு இழுத்து ஏற்றிவிடுவோம். உழைத்துத் தேய்ந்த மரம் கடைசியில் அடுப்புக்குப் போகும். கேரளத்தில் சேறு காப்பாற்றிய சில கலங்கள் கிடைத்திருக்கின்றன: பட்டணம் அகழாய்வில் ஒரு தோணியும், ஆலப்புழை மாவட்டத்துக் கடக்கரப்பள்ளியில் ஒரு பெரிய படகும். நம் பக்கத்து மணற்கரைக்கு அந்தப் பேறு இல்லை.

ஆனால் தைத்த கலத்தைப் பற்றி அறிய ஓவியம் ஒன்றுதான் வழி என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சென்னைக்குத் துறைமுகம் கட்டும் வேலை 1870களில்தான் தொடங்கியது. கட்டியதையும் 1881ஆம் ஆண்டுப் புயல் உடைத்துப் போட்டது. அதற்கு முந்திய காலமெல்லாம் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்கையும் அலையைக் கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகள்தாம். வங்கே இல்லாத படகு அது. பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, பொருத்தின்மேல் உலர்ந்த புல்லையோ வைக்கோலையோ வைத்து அழுத்தி, தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு மடியும் அலையில் சிக்கித் தரையில் மோதினால் உடைந்துவிடும். மசூலா நெளிந்துகொடுத்துத் தப்பிவிடும். வரைவாளர் ஐயா சொன்ன ஆறு அங்குல முறுக்கத்தைப் படித்தபோது, இது எங்களுக்குப் புதிதில்லையே என்றுதான் தோன்றியது.

எனவே கவுண்டின்யாவில் இரண்டு வகை ஆதாரங்கள் கலந்திருக்கின்றன என்று நான் சொல்வேன். பாய்மரம், பாய், பின்புறத் துடுப்பு ஆகியவற்றின் தோற்றத்துக்கு ஓவியம் ஆதாரம். நீருக்குக் கீழே உள்ள உடலைப் பற்றி ஓவியம் எதுவும் சொல்வதில்லை. அங்கே மாதிரியைச் சோதித்துப் பார்த்த பொறியாளர்களின் கணக்குதான் வழிகாட்டியிருக்கும். பலகையை எப்படித் தைப்பது என்பதற்கோ கேரளத் தச்சர்களின் கையே ஆதாரம். அந்தக் கை இன்னும் உயிரோடு இருக்கிறது. ரொஸ்கில்டே தச்சர்களிடம் துண்டுகள் இருக்கின்றன, ஆயிரம் ஆண்டுத் தொழிலைக் கோடாரித் தடத்திலிருந்து மீட்க வேண்டியிருந்தது. நம்மிடம் துண்டுகள் இல்லை, தொழில் கொஞ்சம் எஞ்சியிருக்கிறது. அதுவும் எவ்வளவு காலத்துக்கு என்பது தெரியவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவையெல்லாம் பெரும்பாலும் ஃபைபர் படகுகள். கட்டுமரம் கட்டத் தெரிந்த இளைஞரை எங்கள் கரையில் தேடித்தான் பார்க்க வேண்டும்.


விடாப்பிடி எழுதியது:

எல்லோரும் ஒரே திசையில் பேசுவதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன். பிளந்த பலகை வலுவானது என்பதை ஏற்கிறேன். ஆனால் கட்டியதை ஓட்டிப் பார்ப்பதால் என்ன தெரிந்துவிடுகிறது? ரொஸ்கில்டேயில் கட்டிய அந்தப் போர்க்கப்பல் 2007இல் டப்ளினுக்குப் போனபோது துணைக்கப்பல் கூடவே சென்றது. மாலுமிகள் உயிர்காப்பு உடை அணிந்திருந்தார்கள். காற்று இல்லாமல் போனதால் வட கடலில் ஒரு பெரிய பகுதியை இழுவையில்தான் கடந்தார்கள். 11ஆம் நூற்றாண்டுப் போர்வீரன் சிறு வயது முதல் கடலில் வளர்ந்தவன். தன் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து துடுப்பு வலிக்கும் இன்றைய தன்னார்வலரின் அனுபவம், அந்த வீரனைப் பற்றி நமக்கு எதைச் சொல்லும்? கட்டும் வேலை ஆய்வாக இருக்கலாம். ஓட்டும் வேலை விழா என்றே எனக்குப் படுகிறது.


ஓய்வுபெற்ற கப்பல் வரைவாளர், அடையாறு, எழுதியது:

நியாயமான எதிர்ப்பு. மாலுமிகளின் மனநிலையைப் பற்றி அந்தப் பயணத்திலிருந்து முடிவுகள் எடுத்தால் நானும் உங்களோடு சேர்ந்தே மறுப்பேன். ஆனால் பாயின் பரப்பு 112 சதுர மீட்டர், துடுப்புகள் 60 என்று காகிதத்தில் இருப்பதற்கும், அவ்வளவு ஒடுங்கிய, நீண்ட உடல் எதிரலையில் எப்படி நெளிகிறது, எந்தப் பொருத்தில் முதலில் நீர் வருகிறது, காற்றுக்கு எதிராக எவ்வளவு கோணத்தில் முன்னேறுகிறது என்பதை அளப்பதற்கும் தூரம் அதிகம். இவற்றைக் கருவிகள் அளந்தன. துடுப்பு வலித்தவர் விடுப்பில் வந்தவரா என்பது இந்த அளவுகளைப் பெரிதும் பாதிக்காது. இழுவையில் சென்ற தூரத்தை அவர்கள் மறைக்கவும் இல்லை. காற்றுக்காக வாரக்கணக்கில் துறைமுகத்தில் காத்திருப்பது பழைய பயணங்களின் இயல்பு. கால அட்டவணையோடு பயணம் செய்தவர்கள் அதைச் செய்ய முடியவில்லை. 2008இல் ஆங்கிலக் கால்வாய் வழியாக அதே கப்பல் திரும்பி வந்தது.

பயணத்தைவிட எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுவது கப்பல்களின் முதுமை. மீண்டும் கட்டிய முதல் கப்பலான ரோவார் எகே, 3ஆம் எண் சரக்குப் படகின் படி. 1982இல் தொடங்கி 1984இல் முடித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடி, 2016இல் கரையேறியது. அதே மூலத்திலிருந்து இரண்டாம் முறையாகக் கட்டிய எஸ்த்ரிட் பியூர்திங் 2022இல் நீரில் இறங்கியது. ஓக் மரத்தின் துவர்ப்புப் பொருளான டானின் இரும்பை அரிக்கும் என்பதால், இத்தகைய கப்பலில் மரமும் ஆணியும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. இதைத் தெரிந்துகொள்ளப் பத்து நாள் சோதனை போதாது. ஒரு கப்பல் தன் ஆயுளை வாழ்ந்து முடிக்க வேண்டும்.

பாயைப் பற்றியும் ஒன்று. 1ஆம் எண் சரக்குக் கப்பலின் படியான ஒட்டார், கம்பளியால் நெய்த பாயைக் கொண்டது. நீண்ட புறமயிர் கொண்ட வடநாட்டுப் பழைய இனச் செம்மறியாட்டின் கம்பளியை நூற்று நெய்து, காற்று ஊடுருவாமல் இருக்கக் கொழுப்பும் காவிமண்ணும் பூசுவார்கள். பலகை வேலையைவிட நூற்பு வேலைக்கே ஆட்களும் நாட்களும் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும் என்பது என் மதிப்பீடு. ஆனால் கப்பல் என்றதும் எல்லோரும் கோடாரியைத்தான் கேட்கிறார்கள்.


பெரம்பூர் மரவாடி எழுதியது:

மரம் கிடைப்பதைப் பற்றி ஒரு சிறு செய்தி. இத்தகைய பலகைக்குக் கிளை விடாமல் நெடுநெடுவென்று வளர்ந்த, முறுக்கமில்லாத, ஒரு மீட்டர் அளவுக்கு விட்டமுள்ள ஓக் வேண்டும். அடர்ந்த காட்டில் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு வளர்ந்தால்தான் அப்படி வளரும். 1807இல் பிரிட்டிஷ் கடற்படை டென்மார்க்கின் போர்க்கப்பல்களைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, புதிய கடற்படைக்காக அந்நாட்டில் ஓக் காடுகளை நட்டார்கள். அவை வெட்டும் பருவத்தை எட்டும்போது போர்க்கப்பல் எஃகுக்கு மாறிவிட்டிருந்தது. தலைமுறைகளைக் கணக்கிட்டு மரம் நடுகிறவர்களுக்கு வியாபாரியாக நான் பொறாமைப்படுகிறேன்.


கோட்டூர்புரம் வாசகி எழுதியது:

கேட்டதைவிடப் பல மடங்கு கற்றுக்கொண்டேன். என் அண்ணன் குடும்பம் கோபன்ஹேகனில் இருப்பதால் அடுத்த ஆண்டு அங்கே போகும் வாய்ப்பு உண்டு. ரொஸ்கில்டேயில் எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்? ஆஸ்லோவுக்கும் போவது பயன் தருமா?


ஓய்வுபெற்ற கப்பல் வரைவாளர், அடையாறு, எழுதியது:

ஆஸ்லோவில் பிக்டோய் தீவக்குறையில் உள்ள பழைய கப்பல் காட்சிக்கூடம், பெரிய புதிய கட்டடத்துக்காக 2022இல் மூடப்பட்டது. போகும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரொஸ்கில்டே கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் அரை மணி நேரத் தொலைவுதான். கோடையில் போனால் தச்சர்கள் வேலை செய்வதை அருகில் நின்று பார்க்கலாம். துறையில் கட்டியிருக்கும் படகுகளில் ஏறித் துடுப்பு வலிக்கவும் விடுவார்கள்.

மண்டபத்தில் 3ஆம் எண் கலத்தின் அணியக் கட்டையைத் தேடிப் பாருங்கள். ஒரே ஓக் கட்டையைக் குடைந்து செதுக்கி, பின்னால் வந்து சேரவேண்டிய பலகைகள் ஒவ்வொன்றின் முனையையும் படிப்படியாக அந்தக் கட்டையிலேயே உருவாக்கியிருப்பார்கள். அதாவது, முதல் பலகையைப் பிளப்பதற்கு முன்பே, எத்தனை வரிசைப் பலகைகள், ஒவ்வொன்றும் எந்தக் கோணத்தில், எந்த வளைவில் வந்து அணியத்தைத் தொடும் என்பதைத் தச்சர் முடிவு செய்துவிட்டார். வடிவத்தைத் தாங்குவது பலகை என்று நான் முன்பு சொன்னதோடு இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்: காகிதத்தில் வரைபடம் இல்லை, ஆனால் வரைபடம் செய்ய வேண்டிய வேலையில் பாதியை அந்தக் கட்டை செய்துவிடுகிறது. ஸ்காட்லாந்தின் எக் தீவில், சதுப்பு நிலத்துக்குள்ளிருந்து இப்படிச் செதுக்கிய அணியக் கட்டைகள் கப்பல் எதுவும் இல்லாமல் தனியாகவே கிடைத்தன. என்றோ கட்டவிருந்த படகுக்காக முன்கூட்டியே செதுக்கி, காய்ந்து வெடிக்காமல் இருக்க ஈரத்தில் போட்டு வைத்தவையாக இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.